கணக்குப்பிள்ளை மேசைக்கு என்ன விலை?

பாகப்பிரிவினையில் யாரும் சண்டை போடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது பழைய மேசைதான். நகைக்குச் சண்டை வரும், நிலத்துக்கு வரும், கொல்லையில் நிற்கிற தென்னைக்கு வரும். வெண்கலப் பானைக்காக இரண்டு மருமகள்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. கூடத்து மூலையில் கிடக்கிற மர மேசையை மட்டும் “நீ எடுத்துக்கோயேன்” என்பார் ஒருவர், “ஃப்ளாட்ல எங்க வைக்கிறது, நீங்களே வெச்சுக்குங்க அண்ணி” என்பார் இன்னொருவர். கடைசியில் பழைய சாமான் வாங்குகிறவரின் மினி லாரி வாசலில் வந்து நிற்கும்.

மன்னார்குடியில் இது அடிக்கடி நடக்கிறது. ‘திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு’ என்று பேர் வாங்கிய ஊர். ராஜகோபால சுவாமி கோயில் மதில் அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றிய வீதிகளிலும் ஹரித்ராநதிக் கரையிலும் இருந்த பழைய வீடுகள்தான் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகிற வீடுகள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், நியூஜெர்சியில். பாட்டி இருக்கிறவரை அது வீடு. பாட்டி போனதும் மனை. முன்பணம் வாங்கியாயிற்று, பத்து நாளில் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்கிற நெருக்கடியில்தான் சாமான்களுக்கு விலை பேசப்படுகிறது. அவசரத்தில் விற்கிறவருக்கு எந்தக் காலத்தில் நல்ல விலை கிடைத்தது?

வாங்க வருகிறவர் தொழில் தெரிந்தவர். முதலில் வாசல் நிலை, தூண், உத்தரம் பார்ப்பார். பிறகு ஊஞ்சல் பலகை, பத்தாயம், கண்ணாடி அலமாரி. மேசை நாற்காலிக்கு வரும்போது மட்டும் முகத்தைச் சுளித்து, “இதெல்லாம் இப்ப யாருங்க வாங்குறா, விறகுக்குத்தான் ஆகும்” என்பார். விறகுக்கு ஆகிற பொருளை அவர் ஏன் சாக்கு சுற்றி, கயிறு கட்டி, ஒரு கீறல் படாமல் ஏற்றுகிறார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இப்படிப் போகிற சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளில் மறுபடி தலைகாட்டும். அங்கிருந்து ஹோட்டல், சினிமா செட், யாரோ ஒருவரின் கடற்கரை பங்களா.

அந்த லாரியில் ஏறுகிறவற்றில் எழுதும் மேசையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

டெல்டா வீடுகளுக்கு எழுதும் மேசை இரண்டு தலைமுறையாக வந்தது. முதல் தலைமுறை, தரையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கானது. சாய்வு மேசை என்பார்கள், டெஸ்க் என்பார்கள், கணக்குப்பிள்ளை மேசை என்றும் சொல்வார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மார்புக்குக் கீழே கச்சிதமாக வந்து நிற்கும். மேல்பலகை எழுதுகிறவரை நோக்கிச் சரிந்திருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே பெட்டி. நெல் கணக்கு நோட்டு, குத்தகைச் சீட்டு, மைக்கூடு, கட்டைப் பேனா, ரெவின்யூ ஸ்டாம்பு, கொஞ்சம் சில்லறை. மேல் விளிம்பில் பேனா உருளாமல் கிடக்க ஒரு பள்ளம், கீழ் விளிம்பில் காகிதம் வழுக்காமல் இருக்க மெல்லிய ஒரு சட்டம். பூட்டு உண்டு, சாவி எழுதுகிறவரின் இடுப்பில்.

மிராசுதார் வீட்டில் அது இருந்தது. மண்டிக் கடையில் இருந்தது. கிராமக் கர்ணம் வீட்டில் கட்டாயம் இருந்தது. எந்த வயல் யாருடையது, எதில் என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்று ஒரு கிராமத்தின் சிட்டாவும் அடங்கலும் அந்தச் சரிவான பலகைமேல்தான் எழுதப்பட்டன. காவிரித் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு குழி இடம் முன்னே பின்னே எழுதப்பட்டால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும். அதனால் அந்த மேசைக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது, ஒரு பயமும் இருந்தது.

1980 நவம்பர் 14-ம் தேதி அதன் வேலை போயிற்று. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கர்ணம், மணியம் முதலான பழைய கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கணக்கு ஆபீசுக்குப் போயிற்று. மேசை வீட்டிலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நாள் அதன்மேல் பஞ்சாங்கம் இருந்தது. பிறகு டார்ச் லைட், மருந்துச் சீட்டு, மின்சார அட்டை. பிறகு பரண்.

இரண்டாம் தலைமுறை மேசை நாற்காலியோடு சேர்ந்து வந்தது. இதில் சொற்களின் கதையே தனி. மேசை போர்ச்சுக்கீசியர் கொடுத்த சொல். நாற்காலியை இலங்கைத் தமிழர்கள் கதிரை என்பதும் அவர்கள் வழி வந்ததுதான். பீரோவின் கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு மொழியில் பீரோ என்றால் எழுதும் மேசை! மேசைமேல் விரிக்கிற முரட்டுக் கம்பளித் துணியின் பெயர் மேசைக்கு வந்து, மேசையின் பெயர் அலுவலகத்துக்குப் போனது. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது புடவையும் நகையும் வைக்கிற இரும்பு அலமாரி ஆகிவிட்டது. கோத்ரெஜ் கம்பெனி இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923-ல். பத்திரங்கள் மரப்பெட்டியிலிருந்து இரும்புக்குக் குடிபோக, எழுதும் மேசை என்று பெயர் கொண்ட பொருளே எழுதும் மேசையை வீட்டைவிட்டு வெளியேற்றியது.

வெள்ளைக்காரன் காலத்து மேசைக்குக் கடைசல் கால் இருக்கும். உருண்டு திரண்டு, குமிழ் குமிழாக, கட்டில் கால் மாதிரி. இழுப்பறைமேல் கொடி, இலை, பூ செதுக்கியிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு செய்த மேசைகளைப் பாருங்கள். செதுக்கல் போய்விட்டது. கால்கள் மேலே பருத்துக் கீழே மெலிந்து, சில சமயம் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் மூன்று இழுப்பறை, மறுபக்கம் வெறும் கால். பிடிக்குப் பதிலாக விரல் நுழைகிற ஒரு பள்ளம். அதே ஜாடையில் ரேடியோ மேசை, பிரம்பு பின்னிய நாற்காலி, ‘டீப்பாய்’. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் கதாநாயகியின் பணக்கார அப்பா உட்கார்ந்திருக்கும் சோபாவுக்கும் அந்தக் கால்தான்.

உலகம் முழுவதும் அப்போது அதே காற்று வீசியது. போர் முடிந்திருந்தது. சின்ன வீடு, குறைந்த செலவு, சீக்கிரம் செய்து முடிக்க வேண்டிய சாமான் என்பதே எங்கும் தேவை. அலங்காரத்தைக் கழித்துவிட்டு, மரத்தின் நிறத்தையும் ரேகையையும் மட்டும் நம்பிச் செய்தார்கள். இந்தப் பாணிக்கு ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்று பெயர் நிலைத்தது வெகு நாள் கழித்து. 1984-ல் காரா கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி ஐம்பதுகளின் மரச்சாமான்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. பெயர் வைத்ததும் விலையும் ஏறத் தொடங்கியது.

எவ்வளவு ஏறியது என்பதற்கு சண்டிகர் கதையை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. புதிதாக ஒரு நகரம் கட்ட நேரு முடிவு செய்தார். அந்தப் பொறுப்பு பாரிஸிலிருந்த லெ கார்பூசியேவுக்கு வந்தது. அவர் வருஷத்துக்கு ஓரிரு முறை வந்து போவார். கூடவே இருந்து கட்டியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. 1951-ல் வந்தவர் உடல்நிலை கெட்டு 1965-ல் ஊர் திரும்பும்வரை சண்டிகரே கதியென்று கிடந்தார். ஒரு நகரத்தையே புதிதாகக் கட்டினால் அதற்குள் எத்தனை நாற்காலி வேண்டும்! தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், நூலகம், கல்லூரி, எம்.எல்.ஏ. விடுதி என்று ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. ஜான்னரேயும் யூலி சௌத்ரி முதலான இந்தியக் கட்டடக் கலைஞர்களும் படம் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் சிசு மரத்திலும் செய்தார்கள். உட்காரும் இடத்துக்கும் முதுகுக்கும் பிரம்பு. கால்கள் தலைகீழாக நிறுத்திய கவட்டை மாதிரி. கனமான, எளிய, வெயிலுக்கும் தூசிக்கும் அஞ்சாத சாமான்கள்.

முப்பது வருஷம் குமாஸ்தாக்கள் அவற்றில் உட்கார்ந்தார்கள். பிரம்பு அறுந்தது. இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்தன. பழைய நாற்காலிகள் மொட்டை மாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் மலைபோல் குவிந்து மழையில் நனைந்தன. அரசு வழக்கப்படி ‘கழிக்கப்பட்டவை’ என்று எழுதி ஏலம் விட்டார்கள். நாற்காலி சில நூறு ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவர்கள் பெரும்பாலும் பழைய மர வியாபாரிகள். 1990-களின் பிற்பாதியில் பாரிஸிலிருந்து கலைப்பொருள் வியாபாரிகள் சிலர் சண்டிகருக்கு வந்து இறங்கினார்கள். ஏலத்திலும் வியாபாரிகளிடமும் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். எல்லாம் சட்டப்படிதான், ரசீதோடுதான். சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, புதுப் பிரம்பு பின்னி, லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்கு வைத்தபோது ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போயிற்று. நகரத்தின் வரைபடம் பொறித்த சாக்கடை மூடிகூட ஏலத்துக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதைச் சுற்றி ஏமி சீகல் என்ற அமெரிக்கர் 2013-ல் ‘ப்ரவனன்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய்ச் சண்டிகரில் முடிகிற படம். பிறகு அந்தப் படத்தையே லண்டனில் ஏலம் விட்டார், சாமான்களை விற்றது போலவே. குறும்புக்காரப் பெண்மணி.

இந்தியா விழித்துக்கொண்டு 2011-ல் சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2016-ல் அங்குள்ள தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்ற வளாகம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெளியே போனவற்றைத் திருப்பிக் கேட்கத்தான் வழியில்லை. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் பழம்பொருளாக நூறு வயது ஆக வேண்டும். சண்டிகர் நாற்காலிகளுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை.

இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்காத சங்கதி ஒன்று உண்டு. அரசு ஆபீஸ் சாமான்களில் துறையின் பெயரையும் எண்ணையும் வெள்ளை பெயின்ட்டால் எழுதிவைப்பார்களே, அதைச் சண்டிகரிலும் எழுதியிருந்தார்கள். எந்தக் குமாஸ்தாவோ எந்த ஸ்டோர்கீப்பரோ, திருட்டுப் போகாமல் இருக்க எழுதிய எழுத்து. பாலிஷ் போடுகிறவர் முதலில் சுரண்டி எடுக்கத் தோன்றுகிற அசிங்கம். இன்று வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இது உயர் நீதிமன்றத்தில் இருந்தது, இது பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. போலி செய்கிறவர்களும் இப்போது அந்தப் பெயின்ட் எழுத்தைச் சேர்த்தே போலி செய்கிறார்கள்.

சண்டிகர் தூரம். இந்தப் பாணியின் ஒரு வேர் தமிழ் மண்ணிலேயே, மன்னார்குடியில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடுகிற புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்கு ‘கோல்கொண்ட்’ என்ற விடுதியை 1937-ல் கட்டத் தொடங்கினார்கள். டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம். அதை மேற்பார்வை பார்க்க வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த இளைஞர். வந்தவர் ஆசிரமவாசியே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார். விடுதி அறைகளுக்கான தேக்குச் சாமான்களை வடிவமைத்தவரும் அவரே. 1939-ல் புறப்பட்டுப் போனவரை, போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக அமெரிக்க அரசு குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் முறையாகத் தொழில் கற்றார். பின்னாளில் அமெரிக்க மரச்சாமான் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. 1964-ல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். கோல்கொண்டில் இன்றும் ஆசிரமத்தார் குடியிருக்கிறார்கள்.

அந்த ஆமதாபாத் நிறுவனமே ஒரு சொம்பிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் இந்திய அரசின் அழைப்பில் நாடு முழுக்கச் சுற்றி 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் அவர்களை அசத்திய பொருள் தண்ணீர் மொள்கிற லோட்டா. இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், தேய்த்துக் கழுவ எப்படி இருக்கும் என்று அடுக்கிக் கேட்டார்கள். அதை எந்த ஒருவரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்று வியந்தார்கள். அதே கேள்விகளைக் கணக்குப்பிள்ளை மேசையிடமும் கேட்கலாம். சம்மணம் போட்டவரின் முட்டி எங்கே போகும்? காலையிலிருந்து சாயங்காலம்வரை எழுதினால் கழுத்து வலிக்காத சரிவு எவ்வளவு? ஒரே ஆள் தூக்கித் திண்ணைக்கும் கூடத்துக்கும் கொண்டுபோகிற எடை எது? பதில் எல்லாம் அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

அப்படியானால் மன்னார்குடி மேசையும் லட்சக்கணக்கில் போகுமா? போகாது. அந்தக் கனவை விதைத்து விற்பவர்களும் உண்டு, ஏமாற வேண்டாம். சண்டிகர் நாற்காலிக்கு விலை வந்தது தேக்குக்காக அல்ல. அதே தேக்கு, அதே பிரம்பு ஊரெல்லாம் கிடைக்கிறது. அதோடு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வருஷம், எந்தக் கட்டடம், எந்த அறை என்பதற்குப் படமும் ஆவணமும் இருந்தன. செய்த தச்சர்களின் பெயர்கள் அங்கே விடுபட்டுப் போயின. ஏலப் புத்தகத்தில் ஜான்னரே பெயர்தான் அச்சாகிறது, உளி பிடித்தவர் பெயர் இல்லை.

மன்னார்குடியில் இது தலைகீழ். இங்கே படம் போட்ட மேதை யாரும் இல்லை. ஆனால் உளி பிடித்தவரின் பெயர் வீட்டுக் கிழவிக்குத் தெரியும். “உங்க தாத்தா பாஸ் பண்ணின வருஷம் இன்ன ஆசாரி வந்து கொட்டகை போட்டு, ஒரு மாசம் இருந்து செஞ்சது” என்பார். கூலி நெல்லாகக் கொடுத்தார்களா, பணமாகவா, எந்த வீட்டு மரம், மிச்ச மரத்தில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருப்பார். அவரோடு அது போய்விட்டால் கூடத்தில் மிஞ்சுவது வெறும் மரம். வெறும் மரத்துக்குக் கன அடிக் கணக்கில்தான் விலை.

ஆகவே வீட்டைக் காலி செய்ய நாள் குறித்தவர்கள் லாரிக்குப் போன் போடுமுன் ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம். செல்போனில் மேசையை நாலு பக்கமும் படம் எடுத்து, பெரியவர்களை அதன் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம். கேட்டதை ஒரு தாளில் எழுதி, இழுப்பறையின் அடிப்பக்கம் ஒட்டிவிடலாம். ஸ்டோர்கீப்பரின் வெள்ளைப் பெயின்ட் செய்த வேலையைத்தான் அந்தத் தாள் செய்யும். மேசை வீட்டிலேயே இருந்தாலும் சரி, விலைக்குப் போனாலும் சரி.

மரத்தைப் பார்க்கிற விதமும் ஒன்று உண்டு. மேல்பக்கம் பார்த்துப் பயனில்லை. அது எத்தனையோ பாலிஷ் கண்டது. இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய வேலையில் பலகைகள் பல்லோடு பல்லாகக் கோத்திருக்கும்; ஆணி அநேகமாக இருக்காது. சட்டங்களில் ஒன்றின் நாக்கு மற்றதன் துளைக்குள் புகுந்து, குறுக்கே மூங்கில் ஆணியோ மர ஆணியோ அடித்து முடுக்கியிருக்கும். அடிப்பலகையில் இழைப்புளி ஓடிய மெல்லிய அலை கைக்குத் தட்டுப்படும். மெஷினில் அறுத்த பலகைக்கு அந்த அலை கிடையாது. கப்பலில் வந்த பர்மா தேக்கு என்றால் ரேகை நெருக்கமாக, நேராக, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்கும். உள்ளே ஒட்டுப்பலகையும் மேலே சன்மைக்காவும் இருந்தால் அது பிற்காலத்துச் சரக்கு. அதற்காக அதை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. அதில்தான் அந்த வீட்டுப் பெண் பேங்க் பரீட்சைக்குப் படித்திருப்பாள்.

செய்யக் கூடாதவை சில. தேக்குமேல் எனாமல் பெயின்ட் அடிக்கவே கூடாது. ‘வீட்டோட கலருக்கு மேட்சா’ என்று வெள்ளையும் நீலமும் பூசப்பட்ட மேசைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மெஷின் வைத்துத் தேய்த்துப் புதுசாக்குவதும் வேண்டாம். அறுபது வருஷம் கை பட்டு வந்த மெருகு அரை மணியில் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கிற பழைய பாலிஷ் தெரிந்த ஆளிடம் கொடுத்தால் போதும். டெல்டா ஈரத்தில் முதல் எதிரி கரையான். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுவதும், கால்களைத் தரையில் படாமல் சின்னக் கல்துண்டுமேல் வைப்பதும் பாட்டி காலத்து வைத்தியம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன வீடுகளில் மழையில் ஊறிய தேக்கு மேசைகளை நிழலில் மெதுவாக உலர்த்தினால் தேறும்; வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

நாற்காலியில் பிரம்பு அறுந்திருந்தால் ஒயர் போட்டுவிடாமல் பிரம்பையே பின்ன வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாற்காலி பின்னுவதைத் தொழிலாகக் கற்ற பார்வையற்றோர் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். விரல் நுனியிலேயே கண்ணி எண்ணிப் பின்னுகிறவர்கள். பிளாஸ்டிக் ஒயர் வந்ததில் முதலில் அடிபட்டது அவர்கள் பிழைப்பு. கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தைக்கால் சாலையோரம் பிரம்புக் கடைகளே வரிசையாக உண்டு.

பழைய மரத்தின் அருமை காவிரிக் கரைக்குத் தெரியாததும் அல்ல. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறவர்கள் இடித்த பழைய வீடுகளிலிருந்து ஆச்சா மரத்தைத் தேடித்தான் வாங்குவார்கள். பல வருஷம் காய்ந்து ஈரம் செத்த மரத்தில்தான் நாதம் வரும். ஒரு வீட்டின் உத்தரம் கச்சேரி செய்யப் போகிறது. மேசை மட்டும் அடுப்புக்குப் போக வேண்டுமா?

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை தாத்தாவின் மேசையைக் கொண்டுபோக ஆசைப்பட்டால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நூறு வயது தாண்டிய கைவேலைப் பொருள் பழம்பொருள் கணக்கில் சேரும். அதைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அந்த வயது ஆகாததென்றால், இது பழம்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. துறைமுகத்தில் சாமான் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியிருக்காது. தாத்தா வாங்கிய வருஷம் ஏதாவது ரசீதிலோ கடிதத்திலோ இருந்தால் அங்கே அது பெரிய துணை.

அந்த ரசீதும் கடிதமும் எங்கே கிடைக்கும் என்று வெளியே தேட வேண்டாம். கணக்குப்பிள்ளை மேசைகள் பலவற்றில் உள்பெட்டிக்குப் பின்னால் ஒரு ரகசிய அறை இருக்கும். உள்ளே கையை விட்டு ஆழத்தை அளந்து, வெளிப்பக்க நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நாலு விரல் குறையும். ஒரு சின்னச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், அல்லது மைக்கூடு வைக்கிற அறையை மேலே தூக்கினால் அது திறக்கும். 1961-ல் குடும்பத்துக்கு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும், 1970-ல் பதினைந்து என்றும் நில உச்சவரம்பு வந்தபோது, டெல்டா வீடுகளில் எத்தனையோ காகிதம் இடம் மாறியது. குத்தகைச் சீட்டு, பிராமிசரி நோட்டு, பாதி எழுதிய உயில், பினாங்கிலிருந்து வந்த கடிதம், பெண் பிறந்த நேரம் குறித்த துண்டுச் சீட்டு என்று எது வேண்டுமானாலும் அங்கே கிடக்கலாம். மேசையை விற்பது குடும்பத்தின் இஷ்டம். லாரியில் ஏற்றுவதற்கு முன்னால், பெட்டியைக் காலி செய்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், ஒரு டார்ச் லைட்டும் ஒரு மர ஸ்கேலும் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.